நடுவில் கிடந்த நாட்கள்

(பின்னலாடைத் தொழிலில் உள்ள மெர்ச்சண்டைசர்கள், உற்பத்தி மேலாளர்கள், மென்பொருள் பணியாளர்கள் கூடியிருந்த திருப்பூர் அரங்கு ஒன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



குழுவாகச் செய்யும் வேலைகள் ஏன் தாமதமாகின்றன, அதைக் குறைக்க என்ன வழி என்று பேசச் சொல்லி என்னை அழைத்தீர்கள். இந்த விஷயத்தில் எனக்கு முதல் பாடம் நடத்தியவர் செக்கிங்கில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா. அவரைச் சந்தித்த இரவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அப்போது நான் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நான்கு நிறங்களில் 18,000 டி-ஷர்ட். காலை ஆறு மணிக்குத் தூத்துக்குடிக்குக் கண்டெய்னர் கிளம்ப வேண்டும். இரவு இரண்டு மணிக்குச் செக்கிங் மேஜையில் பாதிச் சரக்கு இன்னும் கிடந்தது. காலை எட்டரைக்கு வந்த பெண்கள் அத்தனை பேரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள். நானும் ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா தலை நிமிராமல் கேட்டார்: "ஏனுங்கண்ணா, இந்த ஆர்டர் எப்பங்க வந்துச்சு?"

"மூணு மாசம் ஆச்சும்மா" என்றேன்.

கத்தரி ஒரு கணம் நின்றது. "மூணு மாசமா இது எங்கீங்கண்ணா இருந்துச்சு?"

அவர் கோபத்தில் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கண்டெய்னரில் முக்கால் பங்கு சரக்குதான் போனது. மீதி விமானத்தில் போனது. அந்த ஆர்டரின் லாபம் முழுவதும் அந்த விமானக் கூலியில் கரைந்தது. அடுத்த வாரம் அந்த ஆர்டரின் ஃபைல், டெலிவரி சலான்கள், கேட் ரிஜிஸ்டர், கூரியர் ரசீதுகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் அந்தச் சரக்கு எங்கே இருந்தது என்று ஒரு நீளத் தாளில் எழுதினேன்.

ஆர்டர் உறுதியான நாளிலிருந்து கடைசிப் பெட்டி ஒட்டிய நாள் வரை 94 நாட்கள். நிட்டிங் 3 நாள். சாயம், உலர்த்தல், காம்பாக்டிங் சேர்த்து 4 நாள். கட்டிங் 2, பிரிண்டிங் 2, தையல் 7, செக்கிங்கும் அயர்னிங்கும் பேக்கிங்கும் 4. லேப் டிப் (நிறத்துக்கு ஒப்புதல் வாங்க அனுப்பும் சாயமிட்ட சிறு துணி மாதிரி) போட்டது, சாம்பிள் தைத்தது 5 நாள். கூட்டிப் பார்த்தால் 27. யாரோ ஒருவர் கை அந்தச் சரக்கின் மேல் பட்ட நாட்கள் அவ்வளவுதான். மற்ற 67 நாட்களும் அது எங்கோ கிடந்தது. ஒரு மூலையில், ஒரு மேஜையில், ஒருவருடைய பதிலுக்காக, ஒரு டெம்போவுக்காக.

அதுவரை தாமதம் என்றால் யாரோ மெதுவாக வேலை செய்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். தையல்காரர் மெதுவு, சாயப்பட்டறை மெதுவு என்று திட்டியிருக்கிறேன். அந்தத் தாள் வேறு கதை சொன்னது. தையலை இரண்டு மடங்கு வேகமாக்கியிருந்தாலும் மூன்றரை நாள்தான் மிச்சம். 94 நாளில் மூன்றரை நாள். கிடந்த நாட்களில் பாதியைக் குறைத்திருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் மிச்சம்.

இன்று நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். தாமதம் வேலைக்குள் இருப்பதைவிட, ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில்தான் அதிகம் இருக்கிறது. வேலை செய்கிறவரை எல்லோரும் பார்க்கிறோம். நடுவில் கிடப்பதை யாரும் பார்ப்பதில்லை. நிட்டிங்குக்கு ஒரு பொறுப்பாளர் உண்டு, தையலுக்கு ஒருவர் உண்டு. நடுவுக்கு யாரும் இல்லை.

எங்கே கிடந்தது?

அந்த 67 நாளில் இரண்டை மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

முதலாவது, லேப் டிப். நான்கு நிறத்தில் மூன்று நிறத்துக்கான லேப் டிப் சீக்கிரம் வந்துவிட்டது. நான்காவது சரியாக அமையவில்லை. நாலும் சேர்ந்து ஒரே கூரியரில் போகட்டும் என்று மூன்றையும் என் மேஜை டிராயரில் வைத்தேன். ஏழு நாள். கூரியர் செலவில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடித்தேன். மூன்று நிறத்தின் துணியும் ஏழு நாள் சாயத்துக்குப் போக முடியாமல் நின்றது. அந்த ஏழு நாளுக்கு நானே பொறுப்பு. மேஜையில் இருந்த வேலையை முடித்துவிட்டதாகத்தான் அன்று நினைத்தேன். ஒன்றாகச் சேர்த்து அனுப்பலாம் என்ற எண்ணம் சிக்கனமாகத் தெரியும். சேர்க்கும் வரை காத்திருப்பது யார் என்று பார்த்தால்தான் அதன் விலை தெரியும்.

இரண்டாவது, ரிப். டி-ஷர்ட்டின் உடம்புத் துணி ஒரு யூனிட்டில் ஓடும். கழுத்துக்கான ரிப் வேறு யூனிட்டில் ஓடும். நிறம் ஒத்துப்போக இரண்டும் ஒன்றாகச் சாயத்துக்குப் போக வேண்டும். உடம்புத் துணி தயாரானதும் நிட்டிங்காரர் போன் செய்தார். ரிப் போட வேண்டியவருக்கு நூல் போய்ச் சேரவே இல்லை. நூல் அனுப்பியாயிற்று என்று ஸ்டோர் நினைத்தது. வரும் என்று ரிப் யூனிட் காத்திருந்தது. இரண்டு பேரும் நேர்மையானவர்கள், உழைப்பாளிகள். ஒன்பது நாள் இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து இருந்தார்கள். அனுப்பியவர் கையைவிட்டுப் போயிற்று, பெறுபவர் கைக்கு வரவில்லை. இந்த இடைவெளியில்தான் வேலைகள் தொலைகின்றன.

மென்பொருள் எழுதும் பிள்ளைகளே, உங்களிடத்திலும் இதே ரிப் உண்டு. இரண்டு நாளில் எழுதிய நிரல் சரிபார்ப்புக்காக ஐந்து நாள் கிடக்கும். சரிபார்த்தது டெஸ்டிங்குக்காக நான்கு நாள் கிடக்கும். எழுதியவர் "முடித்துவிட்டேன்" என்பார். அது உண்மைதான். ஆனால் கேட்டவர் கைக்கு எதுவும் போகவில்லை. ஆகவே நான் எங்கள் ஆட்களுக்கு ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். அனுப்பினேன் என்று சொன்னால் வேலை முடிந்ததாகக் கணக்கில்லை. எதிரில் இருப்பவர் "வந்தது, சரியாக இருக்கிறது" என்று சொன்ன பிறகுதான் முடிந்தது. வேலை அதுவரை அனுப்பியவருடையதே.

எண்கள் சொல்வது

நடுவில் ஏன் இவ்வளவு குவிகிறது? இதற்குக் கணக்கு உண்டு. கணக்கைக் கண்டு பயப்பட வேண்டாம். நம் தொழிலின் எண்களிலேயே சொல்கிறேன்.

ஒரு தையல் யூனிட் நாளைக்கு 2,000 பீஸ் முடித்து அனுப்புகிறது. உள்ளே வெட்டிக் கிடப்பது 30,000 பீஸ். இன்று வெட்டிய பீஸ் எப்போது வெளியே வரும்? பதினைந்து நாள் கழித்து. கிடப்பை 10,000 ஆகக் குறைத்தால் ஐந்து நாள். அதே மிஷின், அதே ஆட்கள், அதே கூலி. உள்ளே கிடப்பதை, வெளியேறும் வேகத்தால் வகுத்தால் காத்திருக்கும் நாள் வரும். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-ல் இதற்குக் கணித நிரூபணம் கொடுத்தார். அவர் பெயரிலேயே லிட்டில் விதி என்கிறார்கள். எளிமையான விதி. ஆனால் கடைப்பிடிக்க மனம் வராது. ஏனென்றால் துணி வந்ததும் வெட்டிவிட வேண்டும் என்று கை துடிக்கும். வெட்டினால் வேலை நடப்பதுபோலத் தெரியும். உண்மையில் வரிசைதான் நீள்கிறது.

இதையே ஒரு மனிதருக்குப் பொருத்திப் பாருங்கள். ஒருவரிடம் மூன்று வேலை. ஒவ்வொன்றும் பத்து நாள் பிடிக்கும். ஒன்றை முடித்து அடுத்ததைத் தொட்டால் பத்தாம் நாள் ஒன்று, இருபதாம் நாள் ஒன்று, முப்பதாம் நாள் ஒன்று கையைவிட்டுப் போகும். மூன்று பேரும் கேட்கிறார்களே என்று ஐந்து ஐந்து நாளாகப் பிரித்து மாற்றி மாற்றிச் செய்தால்? முதலாவது இருபதாம் நாள், இரண்டாவது இருபத்தைந்தாம் நாள், மூன்றாவது அதே முப்பதாம் நாள். யாருக்கும் சீக்கிரம் கிடைக்கவில்லை. இரண்டு பேருக்குத் தாமதமானது. மாற்றி மாற்றிச் செய்வதில் மறந்துபோவதும், மறுபடி பிடிப்பதும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. எல்லோரையும் திருப்திப்படுத்த எல்லாவற்றையும் ஆரம்பிப்பவர், கடைசியில் எல்லோரையும் காக்க வைக்கிறார்.

இன்னொரு கணக்கு. ஒரு பேட்டர்ன் மாஸ்டரிடம் வரும் வேலை ஒவ்வொன்றும் சராசரியாக ஒரு மணி நேரம் எடுக்கும் என்று வையுங்கள். வேலை எப்போது வரும், எதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பது ஏறி இறங்கும். அவர் நேரத்தில் நூற்றுக்கு 80 பங்கு வேலையால் நிறைந்திருந்தால், புதிதாக வரும் வேலை சராசரியாக 4 மணி நேரம் காத்திருக்கும். 90 பங்கு நிறைந்தால் 9 மணி நேரம். 95 பங்கு நிறைந்தால் 19 மணி நேரம். இது வரிசைக் கோட்பாட்டின் அடிப்படைக் கணக்கு. அவரைச் சும்மா இருக்க விடக்கூடாது என்று கடைசி மணி நேரத்தையும் நிரப்புகிற முதலாளி, அந்த ஒரு மணி நேரத்தைச் சம்பாதிக்க எல்லா ஆர்டர்களையும் நாள்கணக்கில் நிறுத்துகிறார். முக்கியமான ஒருவர் கொஞ்சம் ஓய்வாக இருந்தால் அது வீண் இல்லை. அவசரம் வரும்போது திறக்க ஒரு கதவு வேண்டும்.

ஊர் முழுவதும் படித்த பாடம்

எல்லா இடத்திலும் கிடப்பு உண்டு. ஆனால் ஒரு இடம்தான் மொத்த வேகத்தையும் தீர்மானிக்கும். இந்த ஊருக்கு அதை யாரும் புத்தகத்தில் காட்ட வேண்டியதில்லை. 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டுப்போனதால் பாதிக்கப்பட்ட விவசாயிகள் நெடுங்காலம் நடத்திய வழக்கின் விளைவு அது. ஆற்றுக்கு நாம் செய்தது பிழை. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு மாறியது நியாயம். இன்று நான் அதை நினைவூட்டுவது இன்னொரு காரணத்துக்காக. நிட்டிங் மிஷின்கள் அப்படியே இருந்தன. தையல் மிஷின்கள் அப்படியே இருந்தன. டெய்லர்கள் வேலைக்கு வரத் தயாராக இருந்தார்கள். சாயம் நின்றதும் ஊரே நின்றது. அந்த மாதங்களில் யாராவது நூறு தையல் மிஷின் கூடுதலாக வாங்கியிருந்தால் ஒரு பீஸாவது கூடுதலாகப் போயிருக்குமா?

சாதாரண நாட்களிலும் ஒவ்வொரு குழுவிலும் இப்படி ஒரு சாயப்பட்டறை இருக்கிறது. சில இடத்தில் அது ஒரு மிஷின். பல இடத்தில் அது ஒரு மனிதர்: எல்லா சாம்பிளையும் தானே பார்க்க வேண்டும் என்கிற மேலாளர், எல்லாச் செக்கிலும் தானே கையெழுத்திட வேண்டும் என்கிற முதலாளி. மற்ற இடங்களில் நீங்கள் மிச்சப்படுத்தும் மணி நேரங்கள் எல்லாம் அவருடைய வாசலில் வந்து வரிசையில் நிற்கும்.

அந்த இடத்தை எப்படி நடத்த வேண்டும் என்று பார்க்க மதுரைக்குப் போகலாம். 1976-ல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை. கண்புரை சிகிச்சையில் எதற்கு வரிசை நிற்கும்? அறுவை செய்யும் மருத்துவரின் கைக்குத்தான். அதனால் அவருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே பக்கத்து மேஜையில் அடுத்த நோயாளியை, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் தயார் செய்து வைத்திருப்பார்கள். இது முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அங்கே ஆரம்பித்துவிடுவார். கண்ணில் வேலை செய்கிற கையை அவசரப்படுத்த முடியாது, அவசரப்படுத்தவும் கூடாது. அங்கே ஓர் அறுவைக்கும் அடுத்த அறுவைக்கும் நடுவில் இருந்த காத்திருப்பைத்தான் எடுத்தார்கள். அந்தக் கையால் மட்டுமே ஆகிற வேலையை அதற்கு விட்டு, மற்றவர்களால் ஆகிறதை மற்றவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

உங்கள் பேட்டர்ன் மாஸ்டர் ஜெராக்ஸ் எடுக்கப் போகிறாரா? உங்கள் சிறந்த நிரலாளர் தினம் இரண்டு மணி நேரம் ரிப்போர்ட் நிரப்புகிறாரா? இரண்டாவது மேஜை எங்கே போட வேண்டும் என்று அங்கே பாருங்கள்.

அடுப்பு மூட்டும் முன்

ஒரு கல்யாணச் சமையல்காரரைப் பாருங்கள். சாமான் லிஸ்ட்டில் உள்ள எல்லாம் வந்து இறங்கியதா என்று சரிபார்த்த பிறகுதான் அடுப்பு மூட்டுவார். பருப்பு வெந்த பிறகு புளி வாங்க ஆள் அனுப்புகிறவரை அடுத்த கல்யாணத்துக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? துணி வந்தது, வெட்டு. லேபிள் பிறகு வரும், எலாஸ்டிக் நாளை வரும், பிரிண்டுக்கு ஒப்புதல் வந்துவிடும். ஒரு லைன் தைக்க ஆரம்பிக்க ஏழு பொருள் வேண்டும் என்று வையுங்கள். ஒவ்வொன்றும் நேரத்துக்கு வர நூற்றுக்கு 90 வாய்ப்பு. மோசமில்லை என்று தோன்றும். ஏழும் ஒருசேர நேரத்துக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு? நூற்றுக்கு 48. பாதிகூட இல்லை. எல்லோரும் நன்றாகத்தான் வேலை செய்கிறார்கள். ஆனாலும் லைன் இரண்டு முறைக்கு ஒரு முறை நிற்கிறது. இதற்கு ஆட்களைத் திட்டிப் பயனில்லை. எல்லாம் கைக்கு வந்த ஆர்டரை மட்டும் லைனில் ஏற்றுவது என்ற கட்டுப்பாடு வேண்டும். பாதி வெட்டி, பாதி தைத்து, லேபிளுக்காக மூலையில் கட்டி வைத்த பண்டல்கள், அடுத்த ஆர்டரின் வழியையும் அடைக்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். எல்லாக் காத்திருப்பும் வீண் இல்லை. காம்பாக்டிங் முடிந்து வந்த துணியை விரித்து ஒரு நாள் போட்டு வைக்கிறோம். அது இழுவிசை விட்டுத் தன் இயல்பான அளவுக்கு வர வேண்டும். அவசரத்தில் அன்றைக்கே வெட்டினால் துவைத்த பிறகு சட்டை சுருங்கும். அந்த ஒரு நாள் வேலையின் பகுதி. சாம்பிளைத் தைத்துப் பார்ப்பதும், ஒரு முடிவைத் தூங்கி எழுந்து மறுபடி யோசிப்பதும் அப்படித்தான். எந்தக் காத்திருப்பு துணியைப் பதப்படுத்துகிறது, எது வெறுமனே கிடக்க வைக்கிறது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல மேலாளர்.

நூல் அறுந்தால் நிற்கும் மிஷின்

நிட்டிங் யூனிட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும். மிஷின் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு நூல் அறுந்தால் உடனே நிற்கும், விளக்கு எரியும். ஆள் வந்து முடிச்சுப் போட்டு ஓட்டுவார். நிற்காமல் ஓடினால் என்ன ஆகும்? மீட்டர் மீட்டராக ஓட்டைத் துணி.

இந்த எண்ணத்துக்குப் பெரிய வரலாறு உண்டு. ஜப்பானில் சகிச்சி டொயோடா, நூல் அறுந்தால் தானே நிற்கும் தறிகளைச் செய்தார். அவர் குடும்பம்தான் பிறகு கார் கம்பெனி தொடங்கியது. அங்கே உற்பத்தி முறையை வகுத்த தைச்சி ஓனோ முதலில் அவர்களுடைய நூற்பு, நெசவு ஆலையில் வேலை பார்த்தவர். கார் தொழிற்சாலையில் பிழை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உதவி கேட்கலாம், பிழை தீராவிட்டால் லைனே நிற்கும் என்ற வழக்கம் அங்கிருந்து உலகமெங்கும் போனது. அந்தப் பாடம் நம்மைப் போன்ற ஒரு துணித் தொழிலிலிருந்து கிளம்பியது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

மிஷினுக்கு இருக்கிற இந்த உரிமை நம் மனிதர்களுக்கு இருக்கிறதா? ரிப் வரவில்லை என்று முதல் நாளே தெரிந்த ஒரு பையன், ஒன்பது நாள் சொல்லாமல் இருந்தான். ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "சொன்னா நீங்க சத்தம் போடுவீங்கண்ணா, நாளைக்கு வந்துரும்னு நெனச்சேன்" என்றான். அந்த ஒன்பது நாளில் அவன் பங்கு கொஞ்சம். என் சத்தத்தின் பங்கு அதிகம். கெட்ட செய்தி கொண்டு வருபவரிடம் கோபப்படுகிற இடத்தில் கெட்ட செய்தி கடைசி நாளில்தான் வரும். கடைசி நாளில் வரும் செய்திக்கு மருந்து கிடையாது. அன்றிலிருந்து எங்களிடம், முதல் நாள் வந்து சொல்கிறவருக்கு நன்றி சொல்வது வழக்கமாயிற்று. இதற்கு ஒரு ரூபாய் செலவில்லை. இதைவிட அதிக நாளை மிச்சப்படுத்திய வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

பயத்தின் இன்னொரு பிள்ளை, ஒளித்து வைத்த நாட்கள். நான்கு நாள் வேலைக்கு ஆறு நாள் கேட்பார்கள். கேட்டது கிடைத்ததும் இரண்டு நாள் கழித்து ஆரம்பிப்பார்கள். கொடுத்த நேரம் முழுவதையும் வேலை தின்றுவிடும் என்று நார்த்கோட் பார்க்கின்சன் 1955-லேயே எழுதினார். ஒவ்வொருவரும் தனித்தனியே ஒளித்த நாட்கள் தனித்தனியே வீணாகும். அவற்றை வெளிப்படையாக வாங்கி ஆர்டரின் கடைசியில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்பாக வைக்கலாம் என்று மேலாண்மை அறிஞர் எலியாஹு கோல்ட்ராட் 1997-ல் வந்த தன் நூலில் சொன்னார். நடைமுறையில் இது நன்றாக வேலை செய்யும். ஆனால் நாள் தவறியவரைத் தண்டிக்கும் இடத்தில் யாரும் தன் இரண்டு நாளைக் கொடுக்க மாட்டார். ஆகவே முதலில் நம்பிக்கை, பிறகுதான் அட்டவணை.

பாம்பனில் 46 நாள்

1964 டிசம்பர் 22 இரவு. தனுஷ்கோடியை அழித்த புயல் பாம்பன் ரயில் பாலத்தையும் சிதைத்தது. கப்பலுக்கு வழிவிடத் திறக்கும் நடுப்பகுதி தப்பியது. கர்டர்களில் பெரும்பகுதி கடலுக்குள் போயிற்று. சீரமைக்க ரயில்வே வைத்த காலம் 6 மாதம். மேலதிகாரி அதை 3 மாதமாகக் குறைத்தார். பொறுப்பு, 32 வயது ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரனிடம் வந்தது. 46 நாளில் பாலத்தை மீட்டார்கள்.

ஆட்களை இரவு பகலாக விரட்டினால் ஆறு மாதம் ஒன்றரை மாதமாகுமா? ஆகாது. அந்த ஆறு மாதத்துக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். அத்தனை கர்டர்களைப் புதிதாக வெளியூர்களிலிருந்து வரவழைக்கும் காத்திருப்பு இருந்தது. கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்து மறுபடி பொருத்தலாம் என்ற முடிவு, அந்தக் காத்திருப்பையே இல்லாமல் ஆக்கியது. அந்த முடிவைத் தளத்தில் நின்றவர்கள் எடுத்தார்கள். ஃபைல் ஊர் ஊராகப் போய்த் திரும்பும் வரை யாரும் கரையில் உட்கார்ந்திருக்கவில்லை.

பின்னாளில் அதே ஸ்ரீதரன் டெல்லி மெட்ரோவில், முடிக்க வேண்டிய நாளுக்கு இன்னும் எத்தனை நாள் என்று பின்னோக்கி எண்ணும் கடிகாரங்களை அலுவலகங்களிலும் வேலைத்தளங்களிலும் வைத்தார். முதல் கட்டம் 10 ஆண்டுக்குத் திட்டமிட்டது, 7 ஆண்டு 3 மாதத்தில் 2005 டிசம்பரில் முடிந்தது. கடிகாரத்தைப் பலர் காப்பியடிக்கிறார்கள். அதோடு அவர் தன் அதிகாரிகளுக்குக் கொடுத்த முடிவெடுக்கும் அதிகாரத்தைக் காப்பியடிப்பவர்கள் குறைவு. அதிகாரம் இல்லாதவர் முன்னால் கடிகாரத்தை மாட்டினால், அது அவரைப் பதற வைக்குமே தவிர, வேலையை நகர்த்தாது.

ஒரு கேள்விக்குப் பதில் வராமல் ஒரு ஆர்டர் எத்தனை நாள் கிடக்கிறது என்று கணக்கெடுத்துப் பாருங்கள். பிரிண்டின் அளவு அரை அங்குலம் மாறலாமா என்ற கேள்விக்கு என் ஆர்டரில் ஐந்து நாள் போயிற்று. பதில் சொல்ல அரை நிமிடம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். ஆறிய கேள்விக்கும் அதே கதிதான்.

கடைசி நேரத்தில் ஆள் சேர்ப்பது பற்றியும் ஒரு வார்த்தை. ஐபிஎம் நிறுவனத்தில் ஓஎஸ் 360 என்ற பெரிய மென்பொருளை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், ஏற்கெனவே தாமதமான மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்று 1975-ல் எழுதினார். புதியவருக்குச் சொல்லிக்கொடுக்கப் பழையவர் வேலையை நிறுத்த வேண்டும். ஐந்து பேருக்குள் பேச்சு வழிகள் 10. பத்துப் பேருக்குள் 45. ஆள் இரட்டிக்கும்போது நடுவில் உள்ள வழிகள் நாலரை மடங்காகின்றன. தாமதம் நடுவில் இருக்கிறது என்றால், நடுவைப் பெருக்கும் மருந்து நோயையும் பெருக்கும்.

யார் கொடுக்கிறார்கள்?

அன்பர்களே, இதை லாப நஷ்டக் கணக்காக மட்டும் பார்த்திருந்தால் நான் இவ்வளவு தூரம் பேசியிருக்க மாட்டேன். கண்டெய்னர் தேதி மாறாது. அதனால் மேலே போன நாட்களைக் கீழே இருப்பவர்களிடமிருந்து எடுக்கிறோம். என் டிராயரில் ஏழு நாள் லேப் டிப் கிடந்தது. அந்த வாரம் நான் மாலை ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனேன். அந்த ஏழு நாளை யார் திருப்பிக் கொடுத்தது? மூன்று மாதம் கழித்து, செக்கிங் மேஜையில், இரவு இரண்டு மணிக்கு, என் பெயர்கூடத் தெரியாத பெண்கள் தங்கள் தூக்கத்திலிருந்து கொடுத்தார்கள். மறுநாள் காலை பிள்ளைக்குச் சோறு கட்ட வேண்டிய நேரத்திலிருந்து கொடுத்தார்கள். வரிசையில் கடைசியில் நிற்பவர்தான் எல்லோருடைய தாமதத்தையும் சுமக்கிறார். தாமதத்தைக் குறைப்பது நிர்வாகத் திறமை என்பார்கள். எனக்கு அது நியாயம் சார்ந்த விஷயம்.

அதனால் உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. புதிய மென்பொருள் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. சமீபத்தில் முடிந்த ஒரே ஒரு ஆர்டரை, ஒரே ஒரு வேலையை எடுங்கள். அது ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கை பட்ட நாளுக்கு ஒரு நிறம், கிடந்த நாளுக்கு ஒரு நிறம். அந்தத் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். யார் பெயரையும் அதில் எழுத வேண்டாம். இடத்தின் பெயர் போதும். மிக நீண்டு கிடந்த இடத்தை எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் இனி யார் பொறுப்பு என்று ஒருவரை முடிவு செய்யுங்கள். அடுத்த மாதம் அடுத்த இடம்.

நாங்கள் அப்படித்தான் செய்தோம். லேப் டிப் வந்த அன்றே, ஒற்றை நிறமானாலும், கூரியரில் போயிற்று. ரிப்பும் உடம்புத் துணியும் ஒரே ஆள் பொறுப்பில் வந்தன. எல்லாம் கைக்கு வராத ஆர்டர் கட்டிங்குக்குப் போகவில்லை. வருடம் ஒன்றுக்கு மேல் பிடித்தது. எல்லா ஆர்டரும் சரியாகப் போகவும் இல்லை. ஆனால் ஒரு நாள் மாலை, மறுநாள் காலை கண்டெய்னர் கிளம்ப வேண்டிய நாள், பேக்கிங் ஹாலுக்குப் போனேன். பெட்டிகள் ஒட்டி அடுக்கியிருந்தன. மணி எட்டரை. அந்த அம்மா டிபன் தூக்கைக் கழுவிப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "வர்றனுங்கண்ணா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். அவர் பின்னாலேயே விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்கள்.